மலைமுடி வனங்களும் பொறுமையான ஆராய்ச்சியும்

அமெரிக்காவின் தென் அப்பலாச்சிய மலைகளில், ஏறத்தாழ 5,500 அடிக்கு மேல், மூடுபனி அடிக்கடி கவியும் சிகரங்களில் மட்டும் ஸ்புரூஸ் மரமும் பிரேசர் ஃபிர் மரமும் கலந்து வளரும் வனங்கள் உண்டு; பனியுகம் முடிந்தபின் வடக்கே பின்வாங்கிய பெருவனத்தின் மிச்சமாய்ச் சிகரத்துக்குச் சிகரம் பிரிந்து நிற்கும் அவற்றைக் காப்பதற்கு, மரம் வெட்டுவதைச் சட்டத்தால் தடுத்தால் போதும் என்று கருதுவோர் மிட்சல் சிகரத்தின் சரித்திரத்தை ஊன்றிப் படிக்க வேண்டும்.

6,684 அடி உயரமுள்ள அச்சிகரத்தை வட கரோலினா ராஜ்யம் 1915-இல் தன் முதல் பூங்காவாக்கிற்று; கோடரி ஓய்ந்தது. ஆயினும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர் அற்பப் பூச்சி, பட்டையில் வெண்பஞ்சு போல ஒட்டிக்கொண்டு மரத்தை வாட்டுவது, 1957-இல் அங்கே காணப்பட்டது. பின்வந்த தசாப்தங்களில் முதிர்ந்த ஃபிர் மரங்களில் பெரும்பாலானவை பட்டுப்போயின. நிழல் போனதும் பாறைமேல் படர்ந்த பாசி உலர்ந்தது. அப்பாசியையே வீடாகக் கொண்ட, டரான்டுலாவுக்கு உறவான, நான்கு மில்லிமீட்டர்கூடத் தேறாத சிலந்தி 1995-இல் அபாயப் பட்டியலில் ஏறியது. வேலியும் காவலாளியும் தடுக்க முடியாத சத்துரு அந்தப் பூச்சி.

அதே வனங்களில் பறக்கும் அணில் ஒன்று வாழ்கிறது. மண்ணுக்கடியில் விளையும் காளான்களைத் தோண்டித் தின்று, ஸ்புரூஸ் வேர்களுக்குத் துணையான அவற்றின் வித்துக்களை எங்கும் பரப்புவது அதன் விசேஷம். அதன் மேற்கு வர்ஜீனிய இனத்தை 1985-இல் பட்டியலிட்டபோது அகப்பட்டிருந்தவை பத்தே அணில்கள். மரங்களில் கூட்டுப் பெட்டிகளை மாட்டி, அவற்றை ஆண்டுதோறும் திறந்து பார்த்துவந்ததில், இருபது ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை தென்பட்டன. வெட்டுண்ட ஸ்புரூஸ் காடும் மெல்லத் தழைத்துவந்தது. 2013-இல் அந்த அணில் இனம் பட்டியலிலிருந்து முடிவாக நீங்கியது. ஆதியிலேயே அபாயமில்லாத பிராணிக்கு இத்தனை செலவா என்று சிலர் முணுமுணுக்கலாம். பார்க்காதிருந்தால் அதைச் சொல்லவும் வழியிருந்திராது. கரோலினாவிலுள்ள அதன் சகோதர இனமோ இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது.

ஆரவாரமற்ற இவ்வேலைக்குப் பணம் எங்கே என்பார்கள். பிரேசர் ஃபிர் மரத்தைக் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கென்று வட கரோலினாவின் பண்ணைகள் லட்சக்கணக்கில் வளர்த்து விற்கின்றன. மூல விதைகளோ இச்சிகரங்களிலிருந்து இறங்கியவை. விற்கும் மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகையை வரியாக வாங்கி, பெட்டிகளைத் திறந்து பார்ப்பவர்களுக்கும் பாசியைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கும் தலைமுறைக்கேனும் தடைபடாத சம்பளம் கொடுப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.