லைனிங் மெலிசா இருக்காம்!

போன வாரம் அக்கா பொண்ணு போன் பண்ணினாள். "மாமா, முட்டை நல்லா வளர்ந்திருக்காம். ஆனா லைனிங் ஆறு மில்லிமீட்டர்தானாம். என் உடம்பே சரியில்லை போல" என்று ஒரே அழுகை. என்ன மாத்திரைம்மா என்றேன். க்ளோமிஃபீன். மூணாவது மாசம்.

2013-ல் இதே வசனத்தைத்தான் எங்க வீட்டுத் தங்கமணியும் கேட்டுட்டு வந்தாங்க. அம்மா மாதுளம்பழமா வாங்கிக் குவிச்சாங்க. மாத்திரை மேல மட்டும் யாருக்கும் சந்தேகம் வரலை.

நான் டாக்டர் இல்லை சாமி, கணக்கு எழுதறவன். ஆனா அன்னைக்குத் தேடித்தேடிப் படிச்சது இது. பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டுப் பிடிப்போம் இல்லையா, க்ளோமிஃபீன் செய்யறதும் அதுதான். மூளையில ஈஸ்ட்ரோஜன் உட்காரவேண்டிய ஏற்பிகள்ல இது துண்டு போட்டுடும். 'அடடா, ஈஸ்ட்ரோஜனே இல்லையே' என்று மூளை பதறி எஃப்எஸ்எச்சை அதிகமா அனுப்ப, முட்டை வளரும். நல்ல தந்திரம்தான். 1967-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கின மருந்து.

சிக்கல் என்னன்னா, கருப்பை உள்சுவரிலும் அதே சீட்டுகள் இருக்கு. அங்கேயும் துண்டு! சிலருக்குச் சுவர் தடிமனாகாமல் போவது இதனால்தான். ஈஸ்ட்ரோஜன் அங்கே வேலை செஞ்சாத்தான் அடுத்து வர்ற புரோஜெஸ்டிரோனுக்கான ஏற்பிகளே உருவாகும். மாத்திரையை நிறுத்தினாலும் மருந்து உடம்பை விட்டு லேசில் போறதில்லை.

லெட்ரோசோல் வேற ரகம். ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் கொஞ்ச நாள் குறைக்கும், ஏற்பிகளைத் தொடாது, சீக்கிரம் கிளம்பிடும். நீர்க்கட்டிப் பிரச்னை உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், க்ளோமிஃபீனில் 19.1. நம்ம நாட்டிலோ 2011-லிருந்து 2017 வரை குழந்தையின்மைக்கு அதைத் தரவே தடை. எங்க 2013 அதுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு.

க்ளோமிஃபீனைத் திட்டலை. அதனால பிள்ளை பெத்தவங்க ஏராளம், எல்லாருக்கும் லைனிங் மெலியறதும் இல்லை. என் ஆத்திரமெல்லாம், சீட்டு எழுதும்போது "இந்த மாத்திரையே சுவரை மெலிசாக்கலாம்"னு ஒரு வரி சொல்லாம விடறது மேலதான். அந்த ஒரு வரி இல்லாமத்தான் இவள் ராத்திரியெல்லாம் தன்னையே நொந்துக்கிட்டு கிடக்கிறாள்.

எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இதைக் கேட்டா டாக்டரம்மா கோச்சுக்க மாட்டாங்களா மாமா?" என்றாள். கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும், நீ கேளு என்றேன். வியாழக்கிழமை அடுத்த ஸ்கேன்.