கிணறு வெட்டிய வருஷம்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் 1931-ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த குமாஸ்தாக்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் சொந்த மனை என்னும் ஆசை மெல்ல அரும்பலாயிற்று. அது பலிப்பதற்கு மேலும் வெகு காலம் பிடித்தது. யுத்தம் முடிந்து, சுதந்திரம் வந்து, வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கங்கள் தலையெடுத்து, பிராவிடண்டு பண்டிலிருந்தும் இன்ஷூரன்ஸ் பாலிசியின் பேரிலும் கடன் வாங்கலாம் என்ற நிலைமை உண்டான பின்னரே, பழவந்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை என்று தண்டவாளத்தை ஒட்டிக் கிடந்த ஊர்களின் நஞ்சையும் புஞ்சையும் பெருமளவில் மனைகளாக அளக்கப்பட்டன. அவ்விதம் அளக்கப்பட்ட குரோம்பேட்டை மனையொன்றில், பாதி தளமும் பாதி ஓடுமாக நின்ற ஒரு வீட்டில், அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வளர்ந்தவன் நான். அந்தக் காலத்தைப் பொற்காலமென்று கொண்டாடுகிற என் வயதினரோடு எனக்குச் சிறிது அபிப்பிராய பேதம் உண்டு. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

புறநகர்க் குடும்பங்களுக்கு வீடுதான் பஞ்சாங்கம். என் தாயாரிடம் எந்தச் சம்பவத்தைப் பற்றிக் கேட்டாலும் இங்கிலீஷ் வருஷம் அவர் வாயில் வராது. தம்பி பிறந்தது கிணறு வெட்டிய வருஷம். பாட்டியார் காலமானது கரண்டு வந்த வருஷம். அக்காள் பெரியவளானது முன்கட்டுக்குத் தளம் போட்ட வருஷம். மாமா கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனது காம்பவுண்டுச் சுவர் எழுப்பிய வருஷம். முதலில் மனை, அப்புறம் கிணறு, கிணற்றில் நல்ல தண்ணீர் கண்ட பிறகு அஸ்திவாரம், அதன்மேல் இடுப்பளவு சுவர் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் பணத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததாலும், அந்த இடைவெளிகளில் ஒரு பிரசவம், ஒரு காதுகுத்து, ஒரு மரணம் என்று குடும்பமும் தன் போக்கில் நடந்துகொண்டிருந்ததாலும், இரண்டின் சரித்திரத்தையும் பிரித்துச் சொல்வது அவருக்கு அசாத்தியமாகிவிட்டது. பிள்ளைகளின் பிறந்த நட்சத்திரம் பிசகாமல் ஞாபகம் இருக்கும். தேதியோ, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று ஐந்து வயது நிரம்பியாக வேண்டுமே என்பதற்காகத் தலைமையாசிரியர் விரல் விட்டு எண்ணிப் போட்டது, அதுவே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, பென்ஷன் வரைக்கும் கூடவே வந்தது.

என் தகப்பனார் வேறு ரகமான சரித்திராசிரியர். பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த அவர், மாதம் பிறந்ததும் சம்பளத்தை மேல் வரியில் எழுதி, சீசன் டிக்கெட், பால், மளிகை, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடச் சம்பளம், சங்கத்துக் கடன் தவணை, தபாலாபீஸில் ரேடியோவுக்குக் கட்டிய லைசென்ஸ் என்று வரிசையாக இறக்கிக்கொண்டே போய், கடைசியில் ‘கைமாற்று’ என்ற சொல்லில் வந்து முடிக்கிற காலிகோ அட்டை நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 1957 ஏப்ரல் முதல் தேதி தசம நாணயம் அமலுக்கு வந்துவிட்டது. ஆனாலும் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி கோடு போட்டு வாங்கிய நோட்டை வீணாக்க மனமில்லாமல், நடுப்பத்தியைக் காலியாக விட்டே அவர் தொடர்ந்து எழுதியிருக்கிறார். அரிசி துர்லபமாயிருந்த 1967-ல், புதிதாய்ப் பதவிக்கு வந்த சர்க்கார் சென்னையில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுக்கத் தொடங்கிய செய்தியை ஓரத்தில் குறித்துவிட்டு, அம்மாதம் தாம் கடையில் வாங்கிய அரிசியின் விலையையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைத்தார். விமரிசனம் ஒரு சொல்லும் இல்லை; தேவையும் இல்லை.

இந்த நோட்டுகளை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வருகையில், ‘தாம்புக் கயிறு’ என்ற வரி சில மாதங்களுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதைக் கண்டேன். குளிக்க, துவைக்க, சமைக்க, தென்னங்கன்றுக்கு ஊற்ற, போதாக்குறைக்குக் கொத்தனாரின் கலவைக்கும் சுவர் நனைக்கவும் வேண்டியிருந்த அத்தனை தண்ணீரையும் ராட்டினத்தில் இழுத்துக் கொட்டியவர் என் தாயார். அவருக்கு முடியாதபோது என் அக்காள். வேனிற்காலத்தில் நீர்மட்டம் இறங்க இறங்க, கணக்கில் கயிற்றின் முழமும் விலையும் ஏறுகின்றன. மின்சார மோட்டார் வாங்கிய மாதத்துக்குப் பிறகு அந்த வரி அடியோடு மறைந்துபோகிறது. மோட்டாருக்காகப் பட்ட கடனைப் பற்றித் தகப்பனார் பிற்காலத்தில் பெருமையோடு பேசியதுண்டு. இற்றுப்போன கயிறுகளைப் பற்றி எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் எவரும் பேசிக் கேட்டதில்லை.

வளையல்களின் விஷயம் இன்னும் சிக்கலானது. தாயாரின் நான்கு தங்க வளையல்களையும் அக்காளின் கலியாணத்துக்கு அழித்துச் செய்தார்கள் என்பது எங்கள் குடும்பத்தில் நெடுநாளாக வழங்கிவரும் வரலாறு. அதைச் சொல்லும்போது பெரியவர்கள் குரலில் ஒரு கனிவும் சேர்ந்துகொள்ளும். நோட்டில் இருப்பதோ வேறு. முன்கட்டுக்குத் தளம் போட்ட மாதத்தில் நான்கும் அடகுக்குப் போயின; வட்டி ஒழுங்காகக் கட்டப்பட்டு, பிறகு விட்டு விட்டுக் கட்டப்பட்டு, ஒரு மார்கழியில் ‘மூழ்கியது’ என்ற ஒற்றைச் சொல்லோடு அந்தக் கணக்கு முடிந்திருக்கிறது. கதையைக் கட்டியவர் யாரென்று தெரியவில்லை; தாயாராகவே இருக்கலாம். நஷ்டத்தைத் தியாகமாக மாற்றிச் சொல்லுகிற சாமர்த்தியம் அக்காலத்துப் பெண்களுக்கு ஏராளமாக இருந்தது; அதற்கான அவசியமும் இருந்தது.

அக்காளைப் பற்றி நீட்டப் போவதில்லை. என்னைக் காட்டிலும் நல்ல மார்க்கு வாங்கியவள், பதினோராம் வகுப்போடு நின்று, ஸ்டேஷன் அருகே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் செய்து, கலியாணத்துக்குக் காத்திருந்தாள். என் பி.யு.சி. சம்பளம் மறு மாதத்துக் கணக்கில் வருகிறது.

இவற்றையெல்லாம் சொல்வதால், அந்த நாட்களில் சந்தோஷமே இல்லையென்று நான் சாதிப்பதாக எண்ணிவிடக் கூடாது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் வயிற்றை அண்ணாந்து பார்த்துச் சக்கரங்களை எண்ணியதும், 1949-ல் சி. ராஜம் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரியில் காட்சிக்கு வைத்திருந்த பழைய விமானத்தை எட்டிப் பார்த்ததும், திரிசூலம் மலைமேல் ஏறி மீட்டர்கேஜ் ரயில் ஊர்வதைக் கண்டதும், அக்ஃபா கிளிக் காமிராவை இரவல் வாங்கிய மாமா, பன்னிரண்டு படந்தான் எடுக்க முடியும் என்று எங்களை வெயிலில் அசையாமல் நிற்க வைத்ததும், சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கிய பின்னர், பெட்டி வாங்கிய ஒரே வீட்டின் கூடத்தில் தெருவே வந்து உட்கார்ந்ததும் மறுக்கமுடியாத ஆனந்தங்களே. அவற்றை அநுபவித்தவர்கள் அநேகமாகப் பையன்களாக இருந்தார்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். மலைமேல் ஏறிய கூட்டத்தில் என் அக்காள் இருந்ததாக நினைவில்லை.

சொந்த வீட்டுக் கதை ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தை எடுத்துச் செக்குபந்தியைப் படித்துப் பார்க்கட்டும். எங்கள் பத்திரத்தில் வடக்கெல்லை ‘வாய்க்கால்’ என்று எழுதியிருக்கிறது. இன்று அங்கே தார் ரோடும், அதன் இரு மருங்கிலும் அடுக்குமாடிகளும் இருக்கின்றன. மழைக்காலத்தில் தவளைச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கும், எந்த ஏரி நிரம்பினால் எந்தத் தெருவில் தண்ணீர் வரும் என்பதெல்லாம் அறுபதுகளின் தாய்மார்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய மழை வருகிறதென்றால் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றுகிற வழக்கமும் அதனால்தான் வந்தது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூரிலும் சுற்றுப்புறங்களிலும் வீடுகள் மூழ்கியபோது, நீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்ததென்று எல்லோரும் பேசினார்கள். அந்தப் பழைய வழி எது என்று சொல்லக்கூடிய சாட்சிகளில் ஒரு பகுதி, ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் முத்திரைத்தாளில் கிடந்தது. மனை விற்ற ஆசாமியும் வாங்கிய ஆசாமியும் கையெழுத்திட்ட ஆவணத்தைவிட யோக்கியமான சாட்சி வேறு எங்கே கிடைக்கும்?

அந்தப் பெட்டிகள் இப்போது காலியாகிக்கொண்டிருக்கின்றன. கிணற்றை மூடி, வீட்டைப் பிளாட் புரோமோட்டரிடம் ஒப்படைத்து, மூன்றில் ஒரு பங்கோ பாதியோ பெற்றுக்கொள்ளும் பிள்ளைகள், பாத்திரத்தைப் பங்கிட்டுக்கொண்டு காகிதத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அவர்களை நான் குறைகூறவில்லை. இரண்டு படுக்கையறை பிளாட்டில் டிரங்குப் பெட்டிக்கு இடம் கிடையாது. ஆனால் காகிதம் போன பின் எஞ்சுவது, வருஷா வருஷம் மெருகேறிக்கொண்டே வரும் கதை ஒன்றுதான். கைமாற்றும் அடகும் கயிறும் அதில் உதிர்ந்துபோக, முற்றத்து நிலவும் பாட்டி பிசைந்து போட்ட சாதமுமே நிற்கும். இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று உபதேசம் செய்ய அதுவே ஆதாரமாகவும் ஆகிவிடுகிறது.

தனி மனிதனின் அன்றாடக் குறிப்புக்கு மதிப்பு உண்டென்பது தமிழருக்குப் புதிதாகப் போதிக்க வேண்டிய விஷயமன்று. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த தினசரி இல்லாவிட்டால் பதினெட்டாம் நூற்றாண்டின் பல சங்கதிகள் பிரெஞ்சுக்காரர் சொன்ன அளவிலேயே நின்றிருக்கும். உ.வே. சாமிநாதையர் 1940-லிருந்து ஆனந்த விகடனில் எழுதிய சுயசரித்திரத்தில், தம் தந்தையாரின் வறுமையையும் ஊர் ஊராகக் குடிபெயர்ந்ததையும் ஒளிக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு கலியாணப் பத்திரிகைகளையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரம் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ஆனால் பிள்ளையவர்கள் கவர்னரின் துபாஷி, ஐயரவர்கள் மகாமகோபாத்தியாயர். குரோம்பேட்டைக் குமாஸ்தாவின் மனைவிக்கு இப்படியொரு தஸ்தாவேஜு இல்லை.

சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948-ல். சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் சேர்த்தே கட்டுகிறோம். தாம்பரமும் பல்லாவரமும் பக்கத்து ஊர்களும் இணைந்து 2021-ல் மாநகராட்சியாகிவிட்டன. இந்த வட்டாரத்துக் கிளை நூலகம் ஒன்றில் ஓர் அறை ஒதுக்கி, ஒரு ஸ்கானர் வைத்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவரைச் சனி ஞாயிறுகளில் உட்கார வைத்தால், பத்திரங்களையும் கணக்கு நோட்டுகளையும் ரேஷன் கார்டுகளையும் புகைப்படங்களையும் பிரதி எடுத்துக்கொண்டு அசலை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். புகைப்படம் கொண்டுவருகிறவர்கள் பின்புறம் பெயரையும் உத்தேசமாக வருஷத்தையும் பென்சிலால் எழுதிக்கொண்டு வரட்டும். வருஷம் தெரியாவிட்டால் கிணறு வெட்டிய வருஷம் என்றே எழுதலாம், பத்திரத்தோடு ஒப்பிட்டு நூலகத்தார் கண்டுபிடித்துக்கொள்வார்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரை மறைப்பதற்கும், இத்தனை வருஷத்துக்குத் திறக்கக் கூடாதென்று நிபந்தனை போடுவதற்கும் குடும்பத்தாருக்கு உரிமை இருக்க வேண்டியதே. கொடுப்பதற்கு முன் கைமாற்றும் அடகும் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் பெட்டியை நான் அப்படியேதான் கொடுக்கப் போகிறேன். அக்காளிடம் அனுமதி கேட்டாயிற்று, வளையல் கணக்கைத் தானும் ஒரு தடவை பார்க்க வேண்டுமென்று சொல்லியிருக்கிறாள்.