சூடு தாங்குமா?

பாசிர் கூடாங் பட்டத் திருவிழாவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வானத்தில் மிதக்கும் ராட்சத மீன்களும் ஆக்டோபஸ்களும் காகிதத்தில் செய்தவை அல்ல. பெரும்பாலும் ரிப்ஸ்டாப் நைலான் துணிதான். நம்மூர் வாவ் பூலானுக்கு மூங்கிலும் காகிதமும் போதும். இந்தத் துணியோ கத்தரிக்கோல் பட்டதும் ஓரத்தில் நூல் நூலாகப் பிரியத் தொடங்கிவிடும். அதனால் பட்டம் கட்டுபவர்கள் இதைச் சூடான முனையால் வெட்டுகிறார்கள். வெட்டும்போதே ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பள்ளி விடுமுறையில் இந்த வேலை வீட்டு மேசைக்கும் வந்துவிடுகிறது. என் அக்கா மகனுக்கு வயது 12. சோல்டரிங் அயர்னில் வெட்டுக்கருவி செய்யப்போவதாக வந்து நின்றான். "முனையை எப்படி மாமா கூர்மையாக்குறது?" என்றான். "அது சரி, அந்த முனை எது மேலெல்லாம் படும்னு யோசிச்சியா?" என்றேன்.

நைலான் உருகுவது ஏறக்குறைய 220 முதல் 260 டிகிரி செல்சியஸில். சோல்டரிங் அயர்ன் முனை 300 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். துணி வெட்டுப்படும் என்பதில் சந்தேகமில்லை. கூடவே வேறு எதெல்லாம் உருகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முனைக்குச் செம்பு அல்லது பித்தளை நல்லது. இரண்டும் சூட்டை நுனிவரை கொண்டு சேர்க்கும். அரத்தால் தேய்ப்பதும் எளிது.

துணிக்கு அடியில் என்ன வைப்பது? கைவினைக்கு வாங்கும் பச்சை வெட்டுவிரிப்பு பெரும்பாலும் பிவிசி. சூடு பட்டால் உருகும், தொண்டையை அரிக்கும் புகையும் வரும். இரும்புத் தகடு உருகாது. ஆனால் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் வெட்டு விட்டுவிட்டு விழும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் வழவழப்பான டைல்ஸ் ஒன்றே போதும்.

பிளாஸ்டிக் அளவுகோல் வேண்டவே வேண்டாம். அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். அலுமினியம் சூட்டை வேகமாக விரலுக்குக் கடத்தும். எவர்சில்வர் அளவுகோல் அந்த அளவுக்குக் கடத்தாது.

கைப்பிடிக்குக் கூடுதல் உறை செய்வதானால் மரம் சிறந்தது. முப்பரிமாண அச்சில் பலர் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். கருவிக்குள் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம். ஆகவே உறை போடுங்கள், உள்ளே பிரிக்காதீர்கள்.

பிள்ளைகள் வெட்டும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சன்னலைத் திறந்து வையுங்கள். பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். செயற்கை இழைத் துணி உருகினால் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் ஒரு துண்டுத் துணியில் வெட்டிப் பாருங்கள். மெதுவாக இழுத்தால் ஓரம் தடித்து உருண்டுகொள்ளும். அவசரப்பட்டால் இழை அறாது. கைக்கு வேகம் பிடிபட்ட பிறகு பட்டத் துணியை விரிக்கலாம்.