தேநீர் ஊற்றக் கற்றுக்கொடுத்த பையன்

இந்த மாதம் பட்டம் வாங்கினேன். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, மேடையில் சில விநாடி நடை, கைதட்டல், வெளியே பூங்கொத்தோடு அம்மா, அப்பா, பாட்டி. ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற உறவினர்கள் தவறாமல் ஒன்று கேட்கிறார்கள்: "நாலு வருஷத்துல உனக்கு ரொம்பப் பிடிச்சது எதும்மா?" யோசிக்காமல் பதில் வருகிறது. 2023ஆம் ஆண்டின் நீண்ட விடுமுறையில், சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில், அன்சி வட்டாரத்து மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாரங்கள்தான்.

அன்சி என்ற பெயர் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குப் புதிதில்லை. இங்குள்ள சீனர்களில் ஹொக்கியென் பிரிவினர்தான் அதிகம். அவர்களுடைய முன்னோர் தெற்கு ஃபூஜியனிலிருந்து கப்பலேறியவர்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் தாத்தா அன்சிக்காரர். நான் போகும் ஊரைச் சொன்னதும் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நான் இன்னும் போனதில்லை, நீ போய்ப் பார்த்துட்டு வா" என்றார். புவியியல் படிக்கும் ஒரு தமிழ்ப்பெண் அவருடைய மூதாதையர் ஊருக்குப் போவதில் ஆன்ட்டிக்கு இருந்த மகிழ்ச்சி, பயணத்துக்கு முன்பே எனக்குத் தெம்பு தந்தது.

அன்சி தேயிலை ஊர். 'தியே குவான் இன்' என்ற ஊலோங் தேயிலை பிறந்த மண். சரிவு சரிவாகத் தேயிலைப் படிக்கட்டுகள், நடுவில் வெள்ளை ஓடு பதித்த மாடி வீடுகள். ஒரு காலத்தில் ஏழை வட்டாரங்களின் பட்டியலில் இருந்த இடம் இது. தேயிலைதான் கைதூக்கி விட்டது. அந்தத் தேயிலையே இன்னொன்றையும் செய்தது. தோட்டத்தில் விளைவதை விற்க வேண்டுமே. அதனால் அன்சிக்காரர்கள் பெய்ஜிங், குவாங்சோ என்று நாடு முழுக்கத் தேயிலைக் கடை போட்டிருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் கடையில். பிள்ளைகள் கிராமத்தில் தாத்தா பாட்டியிடம்.

கூடவே அழைத்துப் போகலாமே என்று எனக்கும் தோன்றியது. சீனாவில் குடும்பப் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ, பள்ளிக்கூட இடமும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான். உயர்நிலைப் பள்ளிக்கான தேர்வும், ஜூன் 7ஆம் தேதி தொடங்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வும் அந்தப் பதிவோடு பிணைந்தவை. நகரத்தில் படிக்க வைத்தாலும், தேர்வு நெருங்கும்போது ஊருக்கே திரும்ப வேண்டி வரலாம். கோடை விடுமுறையில் பல பிள்ளைகள் பெற்றோரின் கடைக்குப் போய்விடுவார்கள். போக முடியாதவர்கள்தான் எங்கள் வகுப்புக்கு வந்தார்கள். இதை நான் முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டது, அந்தப் பள்ளியின் ஆங்கில ஆசிரியையின் புண்ணியத்தால்.

2001இல் சீன அரசு மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று முடிவெடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிராமப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த இளம் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். நான் பிறந்த காலத்திலிருந்து அதே பள்ளி, அதே கரும்பலகை. எங்களை, அதாவது சிங்கப்பூரிலிருந்து போன மாணவர்களையும், விடுமுறைச் சேவைக்குக் கிராமத்துக்கு வந்திருந்த சீனப் பல்கலைக்கழக மாணவர்களையும், அவர்தான் கட்டி மேய்த்தார். விடுமுறை அவருக்கு இல்லாமல் போனது பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

முதல் நாள் வகுப்பில் "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டேன். முப்பது பிள்ளைகள் ஒரே குரலில், ஒரே ராகத்தில், "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்றார்கள். சீனாவில் எந்த ஊர்ப் பள்ளியில் கேட்டாலும் கிடைக்கிற பதில். அடுத்த கேள்வி கேட்டதும் வகுப்பு அடங்கிவிட்டது. சொல்வதை எழுதச் சொன்னால் எழுத்துப் பிழை இல்லை, கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல. வாய்தான் திறக்காது. கடைசி வரிசையில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயரைக் கேட்டால்கூட மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பாட்டு, படம், பொம்மலாட்டம், நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன எதற்கும் அவன் அசையவில்லை.

மாலையில் ஆசிரியை என்னை ஒவ்வொரு வீடாக அழைத்துப் போவார். ஒருநாள் அந்தப் பையனின் வீடு. வாசல் திண்ணையில் அவன் பாட்டி பெரிய மூங்கில் தட்டில் தேயிலையைக் கொட்டி, காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். காய்ந்து சுருண்ட ஒவ்வோர் இலையிலும் ஒட்டியிருக்கும் காம்பை விரல் நுனியால் கிள்ளி எடுக்க வேண்டும். அன்சியில் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை இது. கோடைத் தேயிலைக்கு வசந்தத் தேயிலையின் விலை கிடைக்காது. ஆனால் காம்பு பொறுக்கும் வேலை அதேதான். பாட்டி நிமிர்ந்து, சாப்பிட்டாயா என்று ஹொக்கியெனில் கேட்டார். எங்கள் புளோக் கீழே கோப்பிக் கடையில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஹொக்கியெனில், சாப்பிட்டேன் பாட்டி என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து என் கன்னத்தைத் தொட்டார். அவருக்குச் சிங்கப்பூர் தெரியும். அத்தை ஒருவர் அங்கே போய்த் திரும்பவில்லை. ஆசிரியை தன் பங்குக்கு, 2017இல் சீனாவில் சக்கைப்போடு போட்ட 'தங்கல்' என்ற இந்திப் படத்தைத் தான் பார்த்து அழுததைச் சொன்னார். எனக்கு இந்தி தெரியாது என்றேன். பரவாயில்லை, அந்த அப்பாவைத்தான் எனக்குத் தெரியும் என்றார்.

தேநீர்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தது அந்தப் பையன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தேநீர் கலப்பது அவன் பொறுப்பாம். கெட்டிலில் நீர் தளதளவென்று கொதித்தது. மூடி போட்ட சின்னப் பீங்கான் கிண்ணத்தில் உருண்டை உருண்டையான இலைகளைப் போட்டான், உள்ளே விழுந்ததும் கிணுகிணுவென்று சத்தம். கொதிநீரை ஊற்றி உடனே வடித்தான். அந்த முதல் நீரைக் குடிப்பதில்லை; அதில் சுண்டுவிரல் உயரக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழுவினான். நான் ஒரு கிண்ணத்தை எடுக்கப் போனேன். "நாட் யெட்" என்றான். இரண்டாவது முறை ஊற்றி, மூடினான். "வெயிட்." மூடியைத் தூக்கி என் மூக்கருகே நீட்டினான். "ஸ்மெல்." மழை நின்ற பிறகு தோட்டத்துப் பூக்களிலிருந்து எழும் மணம். "நௌ, ஸ்லோ." குடித்து முடித்ததும் கிண்ணத்திலிருந்து ஓர் இலையை எடுத்து என் உள்ளங்கையில் விரித்து வைத்தான். நடுவில் பச்சை, விளிம்பில் சிவப்பு. பாதி புளித்த தேயிலையின் அடையாளம் அது. "ரெட். கிரீன். மை கிராண்ட்மா டூ திஸ்." அவன் கை ஒருமுறைகூட நடுங்கவில்லை, நீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இறங்கி வரும்போது ஆசிரியை சொன்னார்: "நாளைக்கு நீ எதுவும் சொல்லிக்கொடுக்காதே. அவங்க உனக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்."

மறுநாள் வகுப்பு தலைகீழாக மாறியது. மூங்கில் குருத்தை உரிப்பது எப்படி, ரப்பர் கயிற்றைத் தாண்டுவது எப்படி என்று ஆளாளுக்கு ஒன்று. சீனப் பள்ளிகளில் 1960களிலிருந்து கண் பயிற்சி ஒன்று உண்டு. ஒலிபெருக்கியில் இசை போட்டு, ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ண எண்ண, கண்ணைச் சுற்றி விரலால் அழுத்திவிடுவார்கள். முன் வரிசைச் சிறுமி ஒருத்தி அதை எனக்குக் கற்பிக்கிறேன் என்று வந்தாள். "க்ளோஸ் யுவர் ஐஸ், டீச்சர்" என்று அதட்டி, என் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அந்த அறையிலிருந்து எப்போது வெளியே போனது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஒருவருக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும், கேட்கிறவருக்கு அது உண்மையிலேயே தெரியாமல் இருக்க வேண்டும். அப்போது பேச்சு வந்துவிடுகிறது. கல்வியியல் நூல்கள் எத்தனையோ சொல்லலாம். எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது அந்த ஆசிரியை.

ஜூலை 28ஆம் தேதி டொக்சூரி சூறாவளி பக்கத்திலிருந்த ஜின்ஜியாங் கடற்கரையில் கரையேறியது. சிங்கப்பூரில் சூறாவளி மிக அபூர்வம். நான் பார்த்த முதல் சூறாவளி அதுதான். முதல் நாளே பள்ளி மூடியாகிவிட்டது. இரவெல்லாம் மலை முழுக்கக் காற்று ஊளையிட்டது. மின்சாரம் போனது. விடிந்தபோது தேயிலைச் சரிவுகளில் மண் வழிந்து, சாலையில் மரங்கள் குறுக்கே கிடந்தன. எங்கள் விடுதி வாசலில், மழைக்கோட்டு போட்ட பாட்டிகள் இருவர் சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கஞ்சியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதாம்.

வகுப்பு மறுபடி தொடங்கிய அன்று யாரும் விடுபடவில்லை. பாதிப் பேர் ரப்பர் பூட்ஸோடு வந்தார்கள். கண் பயிற்சி சொல்லிக்கொடுத்த சிறுமி பாட்டியின் கைபேசியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வீடியோ அழைப்பில் அவளுடைய அம்மா. பின்னால் குவாங்சோ கடையில் அடுக்கடுக்காகத் தேயிலை டப்பாக்கள். சூறாவளிச் செய்தி கேட்டதிலிருந்து தூங்கவில்லை என்றார் அந்த அம்மா. சிறுமி கைபேசியை உயரத் தூக்கி, அறையை மெல்லச் சுற்றிக் காட்டினாள். கரும்பலகை, ஜன்னல், தோழிகள், கடைசியில் நான். "திஸ் இஸ் மை கிளாஸ்" என்று அம்மாவிடம் ஆங்கிலத்திலேயே சொன்னாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. புரிந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குவான்சோ நகரத்துக்குப் போனோம். அன்சி அந்த நகரத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. சோங், யுவான் அரசமரபுகளின் காலத்தில் குவான்சோ உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 2021இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. நகரத்தின் மலர், நம் ஊர்க் கல்யாண முருங்கையின் சிவப்புப் பூ. கைய்யுவான் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. அவற்றில் நரசிம்மர், ஆய்ச்சியரின் சேலையைக் கவர்ந்து மரமேறிய கண்ணன். இதே நகரத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. குப்ளாய் கான் ஆட்சியில் இங்கே சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்வது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் வணிகர்கள் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறார்கள். எங்களோடு வந்த பிள்ளைகளுக்கு அந்தத் தூண்களின் கதையைச் சொன்னேன். கண்ணன் வெண்ணெய் திருடுவானா, சேலை திருடுவானா என்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பேருந்து வரும்வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த பிறகு நெருங்கிய தோழி ஒருத்தி நேராகவே கேட்டாள்: "சில வாரம் போய்ப் பாட்டுப் பாடிட்டு வர்றதால அந்தப் பிள்ளைங்களுக்கு என்ன லாபம்? அப்பா அம்மாவைப் பிரிஞ்சிருக்கிற பிள்ளைங்களை நீங்களும் ஒரு தடவை பழகிட்டுப் பிரிஞ்சு வர்றீங்க." நியாயமான கேள்வி. வருடா வருடம் வேறு வேறு ஊர், வேறு வேறு பள்ளி, குழுப்படம், சான்றிதழ் என்று நடக்கும் சேவைப் பயணங்களை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஆனால் போகாமல் இருப்பது அதற்கு மருந்தாகாது. அதே பள்ளிக்கு, அதே ஆசிரியையிடம், ஆண்டுதோறும் போக வேண்டும். நாங்கள் போவதற்கு முன்பும் வந்த பின்பும் அந்த வகுப்பில் நிற்பவர் அவர். அவருக்கு எது தேவையோ அதைக் கேட்டுக்கொண்டு போனால், சில வார வேலைக்கும் ஆண்டு முழுவதும் பயன் இருக்கும்.

ஊர் திரும்பும் வழியில் ஷியாமென் அருகே ஜிமெய்யில் டான் கா கீயின் கல்லறையைப் பார்த்தோம். 1874இல் அங்கே பிறந்து, பதின்ம வயதில் சிங்கப்பூருக்கு வந்து, ரப்பரில் பெரும் பொருள் ஈட்டியவர். 1913இல் சொந்த ஊரில் தொடக்கப்பள்ளி, 1919இல் சிங்கப்பூரில் சீன உயர்நிலைப்பள்ளி, 1921இல் ஷியாமென் பல்கலைக்கழகம். உலகப் பொருளாதார மந்தத்தில் 1934இல் நிறுவனமே மூடப்பட்டது. அப்போதும் பல்கலைக்கழகத்தைக் கைவிடாமல், 1937இல் அரசு ஏற்கும்வரை அதற்குப் பணம் தேடினார். பள்ளி கட்டியவர்கள் பலர் உண்டு. தன் தொழில் மூழ்கிய பிறகும் தான் கட்டிய பள்ளியை விடாமல் தாங்கிய மனிதர் என்பதால்தான் அவர்மீது எனக்கு இத்தனை மரியாதை. டௌன்டவுன் ரயில் பாதையில் அவர் பெயர் கொண்ட நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த ஆசிரியையின் நினைவும் சேர்ந்தே வருகிறது.

ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். புவியியல் படித்தவளுக்கு இதைவிடச் சம்பளம் கூடிய வேலைகள் உண்டு என்று மாமா எடுத்துச் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார். நான் முடிவெடுத்துவிட்டேன்.

2024இலும் எங்கள் துறை மாணவர்கள் அதே பள்ளிக்குப் போனார்கள். இந்த முறை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேர் அடுத்த வாரம் புறப்படுகிறார்கள். அன்றைக்கு என் வகுப்பில் இருந்தவர்களில் மூத்தவர்கள் வருகிற ஜூன் மாதம் உயர்நிலைப் பள்ளிக்கான தேர்வு எழுத வேண்டும். பொதுக்கல்வியா, தொழிற்கல்வியா என்று பாதை பிரிகிற தேர்வு. பழைய மாணவர்களும் கோடை வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கொண்டுபோகட்டும் என்று ஆசிரியையிடம் வீசேட்டில் கேட்டேன். உடனே குரல் பதிவு வந்தது. "பாட்டெல்லாம் சின்னவங்களுக்குப் போதும். பெரியவங்களுக்கு விவாதம் நடத்தத் தெரிஞ்ச ஒருத்தரை அனுப்பு. உனக்குத் தேநீர் போட்டுக்கொடுத்தானே, அவன் இப்போ வகுப்பில் பேச ஆரம்பிச்சா நிறுத்தறதே இல்லை. அவனுக்கு ஈடுகொடுக்க ஆள் வேணும்." நால்வரில் ஒருத்தி தொடக்கக் கல்லூரி விவாத அணியில் இருந்தவள். அவளிடம் சொல்லிவிட்டேன்.