குமுளி ஏறுமுன் ஒரு வயல்

ஐப்பசி பிறந்ததும் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் கூடலூரைத் தாண்டித் தேக்கடிக்கு ஏறிவிடுகிறார்கள். 1895 முதல் மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களே போதும் என்பேன். இரண்டாம் போகத்துக்கு டிராக்டர் சேற்றைப் புரட்ட, பின்னாலேயே கொக்குகள் நடக்கும், வரப்பில், இமயமலைப் பக்கமிருந்து வந்த சாம்பல் வாலாட்டி, வால் ஓயாமல் ஆட, பூச்சி பொறுக்கும், மின்கம்பியில் தகைவிலான்கள். பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர், பழத்தைக் கொத்துகிற கூட்டத்தைக் கொண்டாடுவதா என்று கேட்டால், அதில் நியாயம் உண்டு. ஆனால் பழம் கொத்துவது மைனாவும் கிளியும். விருந்தாளிகளான வாலாட்டிக்கும் தகைவிலானுக்கும் பூச்சிதான் சாப்பாடு, கூலியில்லாத வேலையாட்கள். பழத்துக்கு வலை கட்டட்டும், தப்பில்லை; வாரந்தவறாமல் மருந்தடித்தால் வாலாட்டிக்கு அந்த வரப்பில் என்ன மிச்சம் இருக்கும்?