பிரசவத்துக்குப் பின் கருத்தடை: பொன்முடி தோட்டப் பெண்களுக்குத் தமிழில் விளக்கமும் விருப்பத் தேர்வும் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட மருத்துவ அலுவலர் (சுகாதாரம்), திருவனந்தபுரம்.

பிரசவத்துக்குப் பிந்திய கருத்தடை, காலக்கெடு உள்ள முடிவு. நஞ்சுக்கொடி வெளியேறிய 10 நிமிடத்துக்குள், தவறினால் 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி பொருத்தலாம். அதையும் விட்டால் 6 வாரம் காத்திருக்க வேண்டும். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு 7 நாள் அவகாசம். அதன்பின் அதற்கும் 6 வாரம் கழிய வேண்டும். பொன்முடியின் தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் பெண், அப்போது கைக்குழந்தையோடு 22 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி விதுரா பக்கம் வர வேண்டியிருக்கும். எனவே யோசித்து முடிவெடுக்க ஏற்ற காலம் கர்ப்பகாலமே. பிரசவ வலியின் நடுவில் முதன்முதலாகக் கேட்டு வாங்கும் கையெழுத்து, சம்மதம் ஆகாது.

பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்ற நம்பிக்கை பாதி மட்டுமே உண்மை. குழந்தைக்கு 6 மாதம் ஆகாமலும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தும், மாதவிலக்கு திரும்பாமலும் இருந்தால்தான் அது பாதுகாப்பு. கொழுந்து பறிக்கத் திரும்பிய தாய்க்குப் பால் கொடுக்கும் இடைவெளி நீள்கிறது, பாதுகாப்பும் குறைகிறது. ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையைப் பாலூட்டும் தாய் எடுக்கலாம்: முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியைப் பாலூட்டுவோர் 6 வாரத்துக்குப் பின் தொடங்கலாம்.

இத்தனை வழிகள் இருந்தும் கேரளத்தில் சுமை ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மணமான பெண்களில் சுமார் 47 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேஷன் 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 1971-இல் எர்ணாகுளம் முகாமில், ஊக்கத்தொகை பெற்றுத்தான் என்றாலும், 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் வாசெக்டமி செய்துகொண்ட மாநிலம் இது.

கருத்தடை ஆபரேஷனுக்கு முன் அதன் விவரங்களைப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம். தமிழ் பேசும் தோட்டப் பெண்ணுக்கு அந்த மொழி தமிழ்.

ஆகவே, கர்ப்பகாலப் பரிசோதனை நாள்களிலேயே எல்லா முறைகளையும் அவற்றின் பக்கவிளைவுகளோடு தமிழில் விளக்கவும், கணவரையும் அழைத்துப் பேசவும், சம்மதப் படிவத்தைத் தமிழில் தரவும், சாயாவும் அந்தராவும் தோட்டத்துக்கே வந்துசேரவும், எந்த முறையும் வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதிருக்கவும் உத்தரவிடுமாறு தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் பணிவுடன் கோரப்படுகிறது.