நாடிக்கு முன் நாணயமா?

கூட்டம் முடியும் வேளை. மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "உலகிலேயே உயர்ந்த மருத்துவம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே அது தனியார் கையில் இருப்பதால்தானே அந்த உயர்வு? பிறகு ஏன், அரசு அந்தச் சுமையைத் தாங்கவேண்டும் என்கிறீர்கள்?" என்பது வினா. கேட்டவர் பெயர் இல்லை. எழுத்திலே குறும்பும் இல்லை, ஐயம் இருந்தது. ஐயத்துக்கு விடை தரவேண்டுமேயன்றி, எள்ளி நகைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடக் கூடாது. அன்றிரவு நேரமில்லை; இன்று ஞாயிறு, நேரமுண்டு.

முதலில், ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம், தோழர்களே! அமெரிக்க மருத்துவம் மட்டமானது என்று முழங்குவது எளிது, கைதட்டலும் கிடைக்கும், ஆனால் அது உண்மையாகாது. 1968-இல் அறிஞர் அண்ணா புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் பெறச் சென்றது நியூயார்க் நகருக்குத்தான். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்டிரில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர் அந்நாட்டில் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். அறிவிலே குறைவில்லை, ஆராய்ச்சியிலே குறைவில்லை, கருவியிலே குறைவில்லை.

குறை எங்கே? கதவிலே! கதவருகே வைக்கப்பட்டிருக்கும் கல்லாப்பெட்டியிலே!

2023-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவிட்ட தொகை 4.9 இலட்சம் கோடி டாலர். ஆள் ஒன்றுக்கு 14,570 டாலர்! நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 17.6 பங்கு! அதற்கு ஒப்பான செல்வ நாடுகள் ஆள் ஒன்றுக்குச் செலவிடுவதைப்போல் இது ஏறக்குறைய இரு மடங்கு. இரட்டிப்பு விலை கொடுத்தவன் இரட்டிப்பு நலம் பெற்றானா? அதே ஆண்டில் அமெரிக்கரின் சராசரி ஆயுள் 78.4, ஜப்பானியரின் ஆயுளோ 84 அளவில் நிற்கிறது. துப்பாக்கியும், போதைமருந்தும், சாலை விபத்தும் அமெரிக்கரின் ஆயுளைக் குறைப்பது மெய்தான். பழி முழுவதையும் மருத்துவமனைமீது போடுவது நேர்மையாகாது. ஆனால் பிள்ளைப்பேற்றை என்ன சொல்வது? இலட்சம் பிறப்புக்கு 18.6 தாய்மார்கள் 2023-இல் அந்நாட்டில் மாண்டனர். செல்வ நாடுகள் பலவற்றில் அந்த எண் பத்தைத் தொடுவதில்லை.

அமெரிக்கர் ஓயாமல் மருத்துவரிடம் ஓடுகிறார்கள், அதனால் செலவு கூடுகிறது என்பார் உளர். இல்லை! ஆண்டுக்கு நான்கு முறை அளவில்தான் அவர்கள் மருத்துவரைப் பார்க்கிறார்கள். ஜப்பானியரோ பத்து முறைக்கு மேல்! கூடுதல் மருத்துவத்துக்கன்று, கூடுதல் விலைக்கே அங்கே பணம் போகிறது. ஜப்பானில் எந்த மருத்துவத்துக்கு என்ன கட்டணம் என்பதை அரசு வகுக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல். ஈராண்டுக்கு ஒருமுறை திருத்தம். அமெரிக்காவிலோ, காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொன்றும் மருத்துவமனை ஒவ்வொன்றோடும் தனித்தனியே பேரம் பேசும். ஒரே நகரில், ஒரே சோதனைக்கு, ஒருவருக்கு ஒரு விலை, அடுத்தவருக்கு வேறு விலை! பேரம் பேசுவோருக்கும், கணக்கெழுதுவோருக்கும், கணக்கை மறுத்து எழுதுவோருக்கும் கூலி எங்கிருந்து வரும்? நோயாளியின் மடியிலிருந்துதான்!

இன்சுலின் கதையைக் கேளுங்கள். கனடாவின் டொராண்டோ நகரில் அதனைக் கண்டவர்கள், 1923-இல் தம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். அந்த மருந்தின் வழியில் வந்த ஒரு புதுவகை, அமெரிக்காவில் 1996-இல் குப்பி 21 டாலருக்கு விற்றது. ஏறத்தாழ இருபதாண்டில் அதன் பட்டியல் விலை 250 டாலரைத் தாண்டியது! மருந்தை வாங்க எல்லை கடந்து கனடாவுக்குப் பயணமானார்கள் அமெரிக்கர்கள். 2022-இல் சட்டம் வந்தது: மெடிகேர் காப்பீட்டில் உள்ளவர் இன்சுலினுக்குத் தம் கையிலிருந்து தருவது மாதம் 35 டாலருக்கு மேற்படலாகாது என்று. 2023-இல் நிறுவனங்களும் பட்டியல் விலையைக் குறைப்பதாக அறிவித்தன. கேட்கிறேன், விலை குறைந்ததும் மருந்தின் வீரியம் குறைந்ததா?

"எல்லாம் தனியார் கையில்" என்பதும் முழு உண்மையன்று. 1965-இல் ஜான்சன் காலத்தில் முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்று இரு திட்டங்கள் எழுந்தன. இன்று மருத்துவச் செலவில் ஏறக்குறையப் பாதியை அரசுகளே தாங்குகின்றன. அவ்வளவும் தாங்கியபின்னும், 2023-இல் காப்பீடு ஏதுமின்றி நின்றவர்கள் 2 கோடியே 60 இலட்சம் பேர்! இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஊதிய உயர்வுக்குத் தடை வந்தபோது, ஆளைப் பிடித்துவைக்க முதலாளிகள் காப்பீட்டைக் காட்டினார்கள். பின்னர் வரிச்சட்டமும் அதற்குச் சலுகை தந்தது. அன்று விழுந்த முடிச்சு இன்றும் அவிழவில்லை. வேலை போனால் கூலி போகும். கூடவே காப்பீடும் போகும்! விபத்தில் சிக்கியவரை மருத்துவமனை விரட்டக் கூடாது என்று 1986-இல் சட்டம் செய்தார்கள், நன்று. உயிரைக் காப்பார்கள், பின்னாலேயே கணக்குச்சீட்டும் வரும். மக்களின் கடன் பதிவேடுகளில் மருத்துவக் கடன் மட்டும் 2021-இல் 8,800 கோடி டாலர் இருந்தது.

இதை மாற்ற எவரும் முயலவில்லையா? முயன்றார் ட்ரூமன், 1945-இல். அனைவருக்கும் காப்பீடு என்றார். மருத்துவர் சங்கம் வெகுண்டெழுந்தது. விளம்பர வல்லுநர்களை அமர்த்தி, 1949-இல் 15 இலட்சம் டாலர் இறைத்து, "சோஷலிச மருத்துவம்" என்ற பூச்சாண்டியைக் காட்டியது. திட்டம் மாண்டது, பூச்சாண்டி மாளவில்லை! ஆனால் ஜெர்மனியில் 1883-இலேயே தொழிலாளர்க்கு நோய்க் காப்பீடு கொணர்ந்தவர் யார்? சோஷலிஸ்டுக் கட்சிக்கே தடை போட்ட பிஸ்மார்க்! ஆக, இதற்குக் கொள்கைச் சாயம் பூசுவது வீண்வேலை.

பிரிட்டனில், சுரங்கத் தொழிலாளியின் மகன் அனைரின் பெவன் 1948 ஜூலை 5-இல் தேசிய மருத்துவப் பணியைத் தொடங்கி வைத்தார். அதுவும் குறையற்றதன்று, 2023-இல் இங்கிலாந்தில் மருத்துவத்துக்குக் காத்திருந்தோர் பட்டியல் எழுபது இலட்சத்தைத் தாண்டியது. காத்திருப்பது துயரம். ஆனால், வரிசை நீண்டால் ஆளும் கட்சியைக் கேள்வி கேட்கலாம், வாக்குச்சீட்டால் தண்டிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்தை எந்த வாக்குச்சாவடியில் எதிர்ப்பது?

இறுதியாக ஒரு காட்சி. கனடாவில் ஓர் ஏழைச் சிறுவன், காலெலும்பில் நோய். பெற்றோரிடம் பணமில்லை, காலை வெட்டிவிடும் நிலை. மாணவர்கள் பார்த்துப் பயிலச் சம்மதமென்றால், காசின்றி அறுவை செய்கிறேன் என்றார் ஓர் அறுவை மருத்துவர். கால் பிழைத்தது! அந்தச் சிறுவனே டாமி டக்ளஸ். பின்னாளில் சஸ்காட்சுவான் மாநில முதல்வர். நன்றி கூறி அவர் நின்றுவிடவில்லை. அந்த மருத்துவர் அவ்வழி வராதிருந்தால் என் கால் என்னாவது, கருணை வாய்க்காத பிள்ளையின் கால் என்னாவது என்று எண்ணினார். அவர் வகுத்த திட்டம் 1962 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோது, மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். சட்டம் நின்றது; பின்னர் கனடா முழுவதும் பரவியது.

துண்டுச் சீட்டு அனுப்பிய தோழரே! ஜெர்மனிக்கு ஒரு வழி, பிரிட்டனுக்கு ஒரு வழி, கனடாவுக்கும் ஜப்பானுக்கும் வேறு வழிகள். ஆனால் அவை எல்லாம், "யார் பணம் தருவது?" என்ற வினாவை நோய் வருமுன்பே, ஊர்கூடித் தீர்த்துக்கொண்டன. அமெரிக்கா அந்த வினாவை, வலியால் துடிப்பவனிடம், கட்டிலருகே நின்று கேட்கிறது. மருத்துவர் நம்மிடம் முதலில் கேட்கவேண்டியது, "எங்கே வலிக்கிறது?" என்பதல்லவா?